எக்ஸ்ரே அறைக்காரி

இருபத்தாறு வருஷம் வைரச் சுரங்க வாசலில்
வயிறுகளைப் படம் எடுத்தேன்.
ஷிஃப்ட் முடிந்து வரிசையாக வருவார்கள்.
மூச்சைப் பிடி. அசையாதே. விடு.
விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே
ரொட்டியும் கஞ்சியும் அல்லாத
ஏதோ ஒன்று கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
கிடந்தால் அவனுக்கு வேலை போகும்.
இல்லாவிட்டால் அடுத்தவன்.

அந்த வயிறுகளில் ஒன்றும் எனக்கு நினைவில்லை.

நினைவிருப்பதெல்லாம் நீல அட்டை நோட்டில் இருக்கிறது.
முதல் பக்கம், எழுபத்தொன்பது, ஆகஸ்ட்,
ஸ்பிரிங்பொக் விடுதியின் துவைக்கும் கொட்டகை:
மஞ்சள் நாகம் படம் எடுத்தது.
நானும் எடுத்தேன்.
ஃபிலிம் கழுவி வந்தபோது
அதில் இருந்தது ஒரு வாளியின் காது மட்டும்.
படையே நடுங்குமாம்;
கடன் வாங்கிய கேமராவோடு
பத்தொன்பது வயசுக்காரி நடுங்கினால் என்ன.

பிறகு நடுக்கம் நின்றது. மற்றது நிற்கவில்லை.
குளிர் விடாத காலையில்
வெயில் படும் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கிக்கொண்டு
வேலியடியில் நின்ற பச்சோந்திக்காக
ஞாயிறு ஆராதனை உடுப்போடு வயிற்றால் ஊர்ந்தேன்.
இன்னொரு நாள் ஒரு பல்லியை எடுத்து எடுத்து
முப்பத்தாறும் தீர்ந்த பிறகுதான்
என் பூட்ஸுக்குப் பக்கத்து மணலில்
இரண்டு கண் இருப்பது தெரிந்தது.
ஒரு சாண் விரியன்.
அந்தப் பக்கத்தில் பென்சில் படம்தான் இருக்கிறது.
மோசமாக வரைந்திருக்கிறேன், புழு மாதிரி.

ரெய்னியர் கேட்டான், கல்யாணமான வருஷம்:
இதில் உனக்கு என்னதான் கிடைக்கிறது?
முழங்கால் வலி, என்றேன்.

மழைத்தவளை ஒன்றுதான் அகப்படாமலே இருந்தது.
போர்ட் நோலத்தில் மழை ஏது;
கடல்மூட்டம்தான் இரவில் ஏறி வந்து மணலை நனைக்கும்.
குதிக்கத் தெரியாது அதற்கு.
நடந்து போன தடம்
புதிதாய்த் தைக்கப் பழகுகிறவளின் தையல்போல
கோணல்மாணலாய்ப் போய்
ஓரிடத்தில் நிற்கும்.
அங்கே, கீழே, இருக்கிறது என்று பொருள்.

அப்படி நின்ற ஓரிடத்தில், வேலிக்கு இந்தப் பக்கம்தான்,
மண்டியிட்டு விரலால் மணல் தள்ளியபோது
முதுகில் டார்ச் விழுந்தது.
எங்கள் கரையில் ராத்திரி விளக்கோடு மணல் கிளறுகிறவர்
தேடுவது ஒன்றே ஒன்று.
காவலன் டெஸ்வின் ஃபார்மர், நேற்றுதான் வேலைக்கு வந்தவன்,
தவளை என்று நான் சொன்னதற்குச்
சிரிக்கக்கூட இல்லை.

கொண்டுபோன இடம் என் அறை.
என் மேசை. என் குளிர்ந்த தகடு.
மாற்று ஷிஃப்ட் ஆனெலீன்
தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க.
விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருப்பேன்.

ஒன்றுமில்லை, பழைய விலா முறிவு தவிர.
அந்த ஃபிலிமைக் கேட்டு வாங்கி
நோட்டில் ஒட்டியிருக்கிறேன்,
இடம், தேதி, காற்றின் ஈரம் எல்லாம் எழுதி.
இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சுரங்கம் மூடி ஒன்பது வருஷம்.
வேலிக்கம்பியை ஆட்டுக்காரர்கள் உருவிக்கொண்டு போனார்கள்.
போன செவ்வாய், மூட்டம் தாழ்ந்த இரவு,
தடம் முடிந்த இடத்தில் அதுவே வெளியே நின்றது,
முகம் சுளித்த உருளைக்கிழங்கு.
என்னைக் கண்டு கோபித்து
ரப்பர் பொம்மையை மிதித்த மாதிரிக் கத்தியது.
பிறகு நான் கிடத்திய கண்ணாடித் துண்டின்மேல் ஏறி நடந்தது.
துண்டைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தேன்:
வயிற்றில் தோல் என்பது பேருக்குத்தான்.
குடலின் சுருள், சிவப்பு நூலாய் ஓடும் நாளம்,
தின்ற அந்துப்பூச்சியின் கறுப்பு.
எதையும் ஒளிக்கத் தெரியாமல்
போய்க்கொண்டிருந்தது அதுபாட்டுக்கு.

பழக்கதோஷம். மூச்சைப் பிடி, என்றேன்.
பிடித்தது நான்தான்.
ஆறு படம். ஒன்று தேறும்.

இறக்கி விட்டதும், பின்புறம் முதலாக,
நாற்காலியில் உட்காரப் போகிறவரைப்போல
மணலுக்குள் இறங்கியது.
மேலே மணல் கொஞ்சம் அசைந்தது. பிறகு இல்லை.
விளக்கை அணைத்தேன்.
எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.