பை எண் பத்தொன்பது

சாயல்குடிக்குத் தெற்கே முதல் குழி.
மண்வெட்டி கேட்காமலே இறங்கியது.
சிவப்பு என்று எழுதிவிட்டேன்.
வண்ண அட்டையைப் பிரித்தால்
சிவப்புக்கே ஏழு கட்டங்கள்.
எந்தக் கட்டம் என்று நான் முடிவு செய்வதற்குள்
உள்ளங்கையில் இருந்ததில் பாதியைக்
காற்று பக்கத்துப் பனையடிக்கு மாற்றிவிட்டது.

கொஞ்சம் உள்ளே போனால் கரிசல்.
துளைக்குழாய் நாற்பது சென்டிமீட்டரில் நின்றது.
ஓட்டுநர் கலந்தர் முழு எடையையும் கொடுத்துத் திருகினார்.
"விட மாட்டேங்குது மேடம், வட்டிக்காரன் மாதிரி."
குனிந்தபோது வெடிப்புக்குள் என் பேனா விழுந்தது.
ஐப்பசியில் அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும்.
இனி அதுவும் இந்த மாவட்டத்து மண்தான்.

வாலிநோக்கம் பாதையில் ஒரு கரிமூட்டம் புகைந்தது.
சீமைக்கருவேலத் தூர்களை அடுக்கி,
வைக்கோல் போர்த்தி, மண் பூசி,
புகை கசியும் ஓட்டைகளைக் குதிகாலால் அடைத்துக்கொண்டிருந்த பூவாயி
எங்கள் பைகளை எண்ணிவிட்டுக் கேட்டாள்:
"என்னத்தப் பாக்கப் போறீக?"
"மண்ணுக்குள்ள கரி எவ்வளவு இருக்குன்னு."
அவள் சிரித்து முடிக்க நேரமானது.
"அம்புட்டையும் நாந்தான் மூட்டை கட்டி லாரியில ஏத்திவிட்டனே தாயி."
பிறகு, பழைய மூட்டம் இருந்த தரையைக் கீறி
ஒரு கை அள்ளித் தந்தாள்.
இன்னும் சூடு இருப்பதுபோல் தோன்றியது, இல்லை.
படிவத்தில் அதற்குக் குறியீடு கிடையாது.
'இதர' என்று எழுதினேன்.

காரங்காட்டில் பாக்கியநாதன் வள்ளத்தைத்
தாங்கி ஊன்றி நிறுத்தினார்.
அலையாத்தி வேர்கள் நடுவே
குழாய் தன்னால் இறங்கியது, ஒரு மீட்டர்.
வெளியே வந்தது கறுப்பு, மினுக்கம், அழுகிய முட்டை நாற்றம்.
தொண்ணூறாவது சென்டிமீட்டரில் ஓர் இலை.
நரம்பு கலையவில்லை.
"எந்த ராசா காலத்துல உதிர்ந்திருக்கும்?"
கலந்தர் சேற்றிடமே கேட்டார்.
வாங்கியதை வெளியே சொல்லாமலிருப்பதுதான்
அதன் பிழைப்பு.

பத்தொன்பதாவது புள்ளி, வரைபடத்தில் நெல்வயல்.
போய் நின்றால் கைவிட்ட இறால் குட்டை.
கிழிந்த கறுப்புத் தார்ப்பாய்,
காலடியில் நொறுங்கும் வெள்ளைப் பொருக்கு,
பெயர் சுரண்டப்பட்ட மருந்து வாளிகள் நான்கு.
காவலுக்கு இருந்த சேதுபாண்டி சொன்னார்:
"மொதலாளி பேரு மட்டும் எழுதிராதீக."
மண்ணைத்தானே எடுக்கிறேன் என்றேன்.
அவர் வாளிகளைப் பார்த்தார்.
"மண்ணுல அவரு பேரு வராதா?"

ஆய்வகத்தில் விதி எளிது.
காயவை. இடி. சலி. நிறு.
ஐந்நூற்றைம்பது டிகிரியில் எரி. மறுபடி நிறு.
குறைந்தது எவ்வளவோ
ஏறக்குறைய அவ்வளவு அது வைத்திருந்தது.
சேர்த்துவைத்தாயா என்று ஒரு மண்ணைக் கேட்க
எனக்கு வேறு வழி சொல்லித்தரவில்லை.
பூவாயி விற்க எரிக்கிறாள்,
நான் எண்ண எரிக்கிறேன்.
இலை இருந்த துண்டை மட்டும் உலைக்குள் வைக்கவில்லை.
காரங்காட்டுக் கணக்கில்
ஓர் இலை அளவு பிழை இருக்கும்.

மிச்சத்தை ஆறு மாதம் வைத்திருந்து கொட்டிவிடலாம்.
நேற்று, பின்சுவரோரம் கொட்டினேன்:
தேரிமேல் கரிசல், கரிசல்மேல் மூட்டத்துத் தூள்,
எல்லாவற்றின்மேலும் உலர்ந்து கட்டியான சேறு.
இரண்டு நாள் ஜீப்பில் அலைந்த கடற்கரை
முழங்கால் உயரம்கூட வரவில்லை.
எங்கிருந்தோ ஒரு கோழி வந்து கிளறத் தொடங்கியது.

பத்தொன்பதின் முடிச்சை அவிழ்த்தேன்.
கோழியைப் பார்த்தேன்.
திரும்பக் கட்டினேன்.

என் மேசைக்கடியில் இருக்கிறது, ஒன்றே கால் கிலோ.
பெருக்க வரும் இருளாயி
தினமும் அதைத் தூக்கி,
அடியில் பெருக்கி,
அங்கேயே வைக்கிறாள்.