இப்பத்தான் வந்துச்சு

விடிகாலை மூன்றரை. கரிமேட்டில்
ஐஸ் பெட்டி இழுபடும் சத்தத்துக்கு
நாய்கள்கூட எழுந்திருக்காத நேரம்.
தூத்துக்குடி வண்டி வந்து நின்றது.
சூரை, ஊளி, நகரை, சாளை,
எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்.
கடைசியாக இறங்கியது
ஈரச் சாக்கு ஒன்று.
உள்ளே கல்லோடு கல் உரசும் ஓசை.

அழகர்கோயில் ரோட்டு ஓட்டலுக்கு வந்த சரக்கு.
வெள்ளைக்காரர் கூட்டம் வரவில்லையாம்,
வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.
"ஆளிக்கா, ஆளி" என்றார் டிரைவர் தொபியாஸ்.
"பிரான்சுல சந்தையில நின்னுக்கிட்டே திங்கிறான்.
எங்க அண்ணன் கப்பல்ல போனப்ப பார்த்தது.
அடுப்பு கிடையாது, மசாலா கிடையாது,
ஒரு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான்."

திருப்புளியை இடுக்கில் வைத்து
ஒரு நெம்பு நெம்பினார்.
பார்க்கச் சகிக்காத அந்தக் கல்லுக்குள்
குழந்தையின் காது மாதிரி ஒன்று
தன் தண்ணீரிலேயே படுத்திருந்தது.
டீக்கடையில் வாங்கிய எலுமிச்சையைப் பிழிய
அதன் கறுப்பு ஓரம் சுருங்கியது.
"உசுரோட இருக்குய்யா!"
தராசுக்கார வேலாண்டி நாலடி பின்னால் போனார்.
நேற்று ராத்திரி பரோட்டாவோடு
ஆட்டு ரத்தம் பொரித்துத் தின்ற மனுஷன்.

இருபத்திரண்டு வருஷமாக மீன் அரிகிறேன்.
என் கைக்கு வருவதெல்லாம்
ஏற்கனவே முடிந்துபோனவை.
கண்ணைப் பார்த்து, செவுளைத் தூக்கி,
எப்போது முடிந்தது என்று மட்டும் சொல்வேன்.
இது இன்னும் முடியவில்லை.

வாங்கி வாயில் கவிழ்த்தேன்.

முதலில் குளிர்.
பிறகு உப்பு. கருவாட்டு உப்பு இல்லை,
ஊறுகாய் உப்பு இல்லை,
யாரும் போடாத உப்பு.
இளநீர் வழுக்கை போல ஒரு வழுவழுப்பு.
கடிக்கலாமா விழுங்கலாமா என்று
பற்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.
கடித்தேன். பித்தளைச் செம்பில்
தண்ணீர் குடித்து முடித்த பின்
உதட்டில் நிற்குமே, அந்த வாசம்.
மீன் நாற்றம் துளியும் இல்லை.
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

எங்கள் வைகை கடல்வரை போய்ச் சேராது,
ராமநாதபுரம் கண்மாயிலேயே உட்கார்ந்துவிடும்.
நானும் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை,
திருச்செந்தூரில். மொட்டையடித்த பையன்
அலைக்குள் ஓடாமல் பிடித்துக்கொண்டிருந்ததில்
பாதிதான் பார்த்தேன்.
மீதியை இன்று
சிமெண்ட் தரையில் நின்று விழுங்கினேன்.

"எப்பிடிக்கா?"
"இன்னொண்ணு தொற."
மூன்றாவதுக்குப் பிறகுதான் விலை சொன்னார்:
ஓட்டலில் தட்டுக்கு ஆறு, ரெண்டாயிரம் ரூபாய்.
ஆயிரம் ரூபாய் தின்றிருக்கிறேன்,
ரப்பர் செருப்போடு, பல்கூட விளக்காமல்.

ஆறு மணிக்கு முதல் ஆள் வந்தார்,
பெத்தானியாபுரத்து சார், மஞ்சள் பை.
ஊளியின் வயிற்றை அமுக்கிக்கொண்டே
வழக்கமான கேள்வி: "புதுசாம்மா?"
வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்து
அங்கே இன்னும் காயாமல் இருந்த
அந்த உப்பைப் பார்த்து நின்றது.

ரெண்டு மூச்சு நேரம் இருக்கும்.
அப்புறம் ஐஸை அள்ளி மீன்மேல் போட்டுவிட்டுச் சொன்னேன்:
"இப்பத்தான் சார் வந்துச்சு."