ஒன்றரை

விளக்கை அணைத்தால் ஒளிக்கோடு ஒன்று மிஞ்சும்.
அதை அடுத்தவர் கண்ணுக்குள் அசைத்துப் பார்க்கத்தான்
கோயமுத்தூரில் நாலு வருஷம் படித்தேன்.
கூடவே நகர்ந்தால் கூட்டு.
எதிரே நகர்ந்தால் கழி.
எந்தப் பக்கமும் நகராமல்
கண்மணி முழுக்கச் சட்டென்று சிவந்தால்
நிறுத்து.
கடைசியில் என் கை நீளத்துக்காக
ஒன்றரை கழிக்க வேண்டும்.
மறந்தால், நான் நின்ற தூரமும்
அவர்கள் கண்ணில் ஏறிவிடும்.

திருப்பூர், பல்லடம் ரோடு.
பேக்கரிக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் எங்கள் கடை.
என் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு
முருகன் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார்கள்.
எண் மறையக் கூடாதென்று
முதலாளி ரங்கண்ணன் சந்தனத்தை ஓரமாக வைத்தார்.
நான் லீவு போட்டாலும்
அது வேலைக்கு வந்துவிடும்.

சம்பளம் பதினேழாயிரம்.
பிடித்தம் போகப் பதினைந்தாயிரத்து நானூறு.
ஐந்தாம் தேதி கல்விக்கடன் முதல் ஆளாக வந்து
நாலாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு
ஒன்றும் பேசாமல் போகும்.
கூடப் படித்த ஷர்மிளா மஸ்கட்டில் இருக்கிறாள்.
அவள் சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்ப்பதில்லை நான்.
பார்த்தேன்,
ஒரே ஒரு தடவை.

சனிக்கிழமை சம்பளம் போட்டால்
ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே கண் மங்கும்.
பழனாத்தாள் அப்படி வந்தவர்தான்.
செக்கிங் செக்‌ஷன். கழுத்தில் நூல் பிசிறு.
"ஊசி ஓட்டை தெரியமாட்டீங்குது கண்ணு,
பாக்ஸோட திரும்பி வந்துருச்சு சரக்கு.
சூப்பர்வைசர் சின்னப் பையன்,
அவன் வாயில என்ன வருதுன்னே அவனுக்குத் தெரியல."

நாற்காலியில் உட்கார வைத்தேன்.
"நீ டாக்டரா கண்ணு?"
இல்லீங்க்கா.
"கண்ணாடி விக்கறவளா?"
அதுவும் இல்லீங்க.
"அப்பறம் உன்னய என்னன்னு சொல்றது?"
பேங்க் மேனேஜரும் இதைத்தான் கேட்டார்.
அவருக்குச் சொன்ன நீளமான பேரை
இவருக்குச் சொல்லவில்லை.
மோவாயை இதில் வையுங்கள் என்றேன்.

"மாசம் என்ன தர்றாங்க?"
சொன்னேன்.
இருட்டில் விரல் மடக்கும் சத்தம்.
"தினம் ஒண்ணரை ஷிப்ட் பாக்கறேன், அறுநூத்தம்பது.
வாரம் மூவாயிரத்தித் தொள்ளாயிரம்.
நாலு வாரம்..."
என்னைவிட இருநூறு ரூபாய் அதிகம்.
இருவருமே கணக்கை அங்கே நிறுத்திக்கொண்டோம்.

எவ்வளவு தூரத்தில் துணியைப் பிடிப்பீர்கள், காட்டுங்கள் என்றேன்.
வெறுங்கையைத் தூக்கினார்.
கையில் இல்லாத பனியனை உதறி
தோள் தையலைப் பிடித்து
பக்கம் திருப்பி
கழுத்துப் பட்டையில் கட்டைவிரலை ஓட்டி
மடித்து ஓரம் வைத்து
அடுத்ததை எடுத்தார்.
நான்காவது பனியனில் டேப்பை நீட்டினேன்.
நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.

கதவைத் திறந்து ரங்கண்ணன் தலை நீட்டினார்.
"அம்மாளுக்கு புரோகிரசிவ் காட்டுனியா?"
ஆறாயிரத்து எண்ணூறு.
விற்றால் எனக்கு முந்நூறு.
தூரம் நன்றாகத் தெரிகிறது, கிட்டத்துக்கு மட்டும் போதும்,
எழுநூறில் முடியும் என்றேன்.
கதவு சாத்தப்பட்டது,
கொஞ்சம் பலமாக.
இந்த மாதத்தில் இது ஐந்தாவது முந்நூறு.
எண்ணக் கூடாதுதான்.

சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி
கண்ணுக்கு ஒன்றாக
வில்லைகளைச் செருகினேன்.
எழுத்து அட்டையை எடுக்கத் திரும்பினேன்.
"அது எதுக்கு" என்று
என் வெள்ளைக் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.
ட்யூப்லைட்டுக்கு நேரே
நாற்பத்தைந்து சென்டிமீட்டரில்.

"இங்க பாரு. மணிக்கட்டுல
ரெண்டு தையல் விட்டுருக்குது.
இதப் பாஸ் பண்ணுனவ எவ?"

குனிந்து பார்த்தேன்.
எனக்குத் தெரியவில்லை.
அவர் விரலை வைத்த பிறகு தெரிந்தது.

சீட்டில் எழுதினேன்:
இரண்டு கண்ணும், கிட்டப் பார்வைக்கு,
கூட்டல் ஒன்றரை.
கீழே கையெழுத்து.
அதன் கீழே என் எண்.