அடிப்பக்கம்

மூன்று நாள் மழை.
நாலாம் நாள் வெயில் ஒரு கண் திறந்தது.
வசாவிளானில், கூரையில்லாத எங்கள் வீட்டின் சாமியறையில்
புற்றைச் சுற்றி வெள்ளையாய் எழும்பியிருந்தன
முப்பத்தேழு.
எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம்
முகாமில் வந்தது.

தவமலர் பையோடு வந்துவிட்டாள்.
"பூச்சி கடிச்சிருக்கு, அப்ப நஞ்சில்லை."
பூச்சியின் வயிறு வேறு, என் வயிறு வேறு.
"உள்ளி போட்டு அவி, கறுக்குதோ பாப்பம்."
உள்ளிக்கு என்ன தெரியும்?
போன மாரி உள்ளி வெள்ளையாய்த்தான் கிடந்தது;
யோகலிங்கம் மூன்று நாள்
பெரியாஸ்பத்திரியில் கிடந்தான்.

நான் பிடுங்குவதில்லை, தோண்டுவேன்.
காம்பு நிலத்தோடு முடிந்தால் விடு.
இது முடியாது.
விரல் புதைய, மணிக்கட்டுப் புதைய
வேர்போல ஒன்று இறங்கி இறங்கி
கறையானின் வீட்டுக்குள் போகிறது.
விரியாததை எடு. நுனி கூராய்,
கவிழ்த்த பம்பரம்போல.
கிழித்தால் அவித்த கோழி நெஞ்சாய் நார்நாராய் வரவேணும்.
காம்பில் வளையம் கழன்று
மேலும் கீழும் ஓடினால்
தொட்ட கையைக் கழுவு.

நோர்வேயிலிருந்து சுகிர்தன் படம் அனுப்பினான்.
காட்டில் பொறுக்கியதாம். மஞ்சள்,
ஊதுகுழலின் வாய் மாதிரி.
"மணக்குது மச்சாள்."
என்ன மணம்?
நெடுநேரம் எழுதி எழுதி அழித்தான்.
பிறகு: "பிலாச்சுளை. இல்லை. கிட்டத்தட்ட."
அடிப்பக்கம் காட்டு என்றேன்.
தகடில்லை, மடிப்பு;
காம்பில் வழிந்து இறங்கியிருந்தது,
நகத்தால் பிரியாதாம்.
வடிவாய்த்தான் இருந்தது.
ஆனால் அந்த மண்ணை எனக்குத் தெரியாது.
அங்கே தெரிந்த ஆளிடம் காட்டித் தின் என்று எழுதினேன்.
"தின்டிட்டன்" என்றான்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிச் சோதனைக்கு ஒரு முழு இரவு வேணும்.
விரிந்த ஒன்றைக் காம்பொடித்து
கடதாசியில் குப்புற வைக்க வேணும்.
கையில் அகப்பட்டது பிரதேச செயலகக் கடிதம்:
காணி உங்களுடையதென உறுதிப்படுத்த
ஒப்பமும் முத்திரையும் தேவை.
அதன் முதுகில் வைத்து, சட்டியால் மூடினேன்.
பச்சை விழுந்தால் முப்பத்தேழும் கிடங்குக்குள்.

விடியச் சட்டியை நிமிர்த்தினேன்.
கதவு நிலை, யன்னல், வளை, வாங்கு,
கறையான் தின்று முடித்த எல்லாமும்
இளஞ்சிவப்புத் தூளாய், வட்டமாய்,
ஒவ்வொரு கோடும் தெளிவாய்
கடிதத்தில் விழுந்திருந்தது.

சுகிர்தனும் விடிய ஒரு செய்தி அனுப்பியிருந்தான்:
"உயிரோட இருக்கிறன்."

தவமலர் மதிலுக்கு மேலால் எட்டினாள்.
தேங்காய் இருக்கோ என்று கேட்டேன்.