பதினேழாம் எலி

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
ஆற்றின் மேலேயே ஆட்கள் நடந்து போகிறார்கள்.
கீழ்த்தளத்தில் நான் எலிகளை நிறுக்கிறேன்:
இருநூற்றுப் பத்து, நூற்றுத் தொண்ணூற்றெட்டு,
இருநூற்று நான்கு என் விரலிலேயே மூத்திரம் பெய்தது.

ஹார்மலின் போட்டு ஆறாம் நிமிடம்
முதலில் மீசை.
பிறகு தோள்.
பிறகு எலி முழுக்க,
லாரி போகையில் அலமாரிக் கண்ணாடி அதிர்வதுபோல,
நொடிக்குப் பத்து.
மேடைக்கடியில் சுருள், சுருளிலிருந்து கம்பி,
கம்பி போய்ச் சேரும் மை ஊசி
தாளில் வேலி போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கூண்டுக்கு இந்த மருந்து, அடுத்ததற்கு அந்த மருந்து.
சிலதில் வேலி தாழும்.
சிலதில் எலி தூங்கிவிடும்.
தூக்கத்தைக் குணம் என்று எழுதாதே என்பார் எண்டெல்.
நடுக்கம் நின்றதா, நடுங்கத் தெம்பில்லையா,
தாளில் இரண்டுக்கும் ஒரே கோடு.

மாலையில் கத்தி.
திரவ நைட்ரஜனின் வெண்புகைக்குள் விழும் மூளை
நெல்லிக்காயை விடச் சிறியது.
அரைத்து, சுழற்றி, வடித்து
ஒளிமானியில் வைத்தால்
டோபமின் இத்தனை, செரட்டோனின் இத்தனை.
அந்தக் கட்டங்களைப் பென்சிலால்தான் நிரப்புவோம்,
மறுநாள் மாறும்.

பதினேழுக்கு வெறும் உப்புநீர்.
ஊசி வேலி போட்டது.

சீசாவைப் பார்த்தேன். சீட்டைப் பார்த்தேன்.
என் கையெழுத்துதான்: உப்புநீர்.
எண்டெல் வந்தார்,
ஜன்னலை மூடு, குளிர் என்றார்.
மூடிவிட்டு வந்து நின்றேன். வேலி.
மேடை விளிம்பிலிருந்து கையை எடு என்றார்.

எடுத்தேன்.
கோடு நேராக ஓடியது.

அவர் அளவுகோலை வைத்து எண்ணினார்.
இன்னொரு முறையும் எண்ணினார்.
நொடிக்கு ஐந்து.
ஹார்மலின் அப்படி எழுதாது,
அது எங்கள் இருவருக்குமே தெரியும்,
பதினோரு வருடமாக வேறென்ன செய்தோம்?

"எப்போதிருந்து, மைமு?"
"உருளைக்கிழங்கு தோண்டப் போனோமே, அப்போதிருந்து."
"வலது மட்டுமா?"
"சும்மா இருக்கும்போது மட்டும்.
பிப்பெட் பிடித்தால் நின்றுவிடுகிறது."

அடுத்த அறையில் யாரோ
காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்கள்.
எண்டெல் தாளைக் கிழித்தார்.
குப்பையில் போடவில்லை,
நாலாய் மடித்து அங்கிப் பையில் வைத்துக்கொண்டு
மறுபடி ஓட்டு என்றார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினேன்.
பதினேழு மூக்கைத் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தது.
எடை: இருநூற்று நான்கு.
மருந்து: உப்புநீர்.
நடுக்கம்: இல்லை.