பெயர்கள் ஓடும்போது

இடிமுகன் இரண்டாம் பாகத்தை
நாற்பத்தோரு முறை பார்த்திருக்கிறேன்,
கடைசி நாற்பது நொடியை மட்டும்.

ஃபஹாஹீல். நான்காம் திரை.
பெயர்கள் மேலேறத் தொடங்கியதும்
துடைப்பமும் முறமுமாக உள்ளே நுழைந்து
கதவோரம் சுவரோடு சுவராக நிற்பேன்.
விளக்கைப் போடக் கூடாது.
வால் முடிஞ்சிட்டுத்தான் கூட்டணும் என்பது
சூப்பர்வைசர் ஷிஜுவின் சட்டம்.

போகிறவர்கள் முதலில் போய்விடுவார்கள்:
பிள்ளையைத் தோளில் தூங்கப்போட்ட எகிப்துக்காரர்,
பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்தவர்கள்,
"முதல் பாகம் மாதிரி வராதுப்பா" என்று
படி இறங்கும்போதே தீர்ப்பெழுதிவிடுகிறவர்கள்.
விவரம் தெரிந்தவன் அசைய மாட்டான்.
"உக்காருடா, இன்னும் இருக்கு" என்று
எழுந்த நண்பனின் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

நான் அந்த நேரத்தில் பெயர் படிப்பேன்.
எழுத்துக்கூட்டித்தான்.
முதல் வாரம் பாதியில் மேலே ஓடிவிடும்,
இப்போது அதற்கு முன்னால் நான் ஓடுகிறேன்.
தாய்.
காவலாளி ஒன்று, காவலாளி இரண்டு.
பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்.
அழும் பெண்.
அவள் எதற்கு அழுகிறாள் என்று
கூட்டும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன்.
காவலாளி இரண்டுக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம் இருட்டு.
சரிந்த கட்டடம், புழுதி, ஒரு கை.
சுண்டுவிரல் அசையும்.
அவ்வளவுதான்.

அவ்வளவுக்கே குவைத்திப் பையன்கள்
இருக்கைமேல் ஏறி நிற்பார்கள்.
ஆஸ்பத்திரிச் சீருடை மாற்றாமல் வந்த ஃபிலிப்பினோ நர்ஸ்
வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.
பின்வரிசையில் நம்மாட்கள் அடிக்கிற விசிலுக்கு
திரை கிழியாமல் இருப்பது அதிசயம்.
"எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒருத்தன் சொல்வான்,
ஒவ்வொரு காட்சிக்கும் ஒருத்தன்.
ஒரே ஒரு சின்னப் பெண்தான்
"கை வலிக்குமேம்மா" என்றாள்.
அவள் அம்மா கைப்பையில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

செத்தவனுக்கும் விசாவைப் புதுப்பித்துவிட்டார்கள் என்று
தன்பகதூர் சிரிப்பான்.
எனக்கும் இது இரண்டாம் பாகம்தான்.
முதல் பாகம் முழுக்க ஏஜென்ட் கடன்.
போன மார்ச்சில் ஒரு தாளை நீட்டினார்கள்,
இன்னும் இரண்டு வருஷம் என்றார்கள்,
கையெழுத்துப் போட்டேன்.

போன வியாழன், கடைசிக் காட்சி.
விளக்குப் போட்டும்
எஃப் வரிசையில் ஒருவர் எழவில்லை.
ஷுஐபாவில் ஷட்டவுன் வேலைக்கு வந்த சாரம் கட்டுகிறவர்,
நீலச் சட்டைப் பையில் தொங்கிய அட்டையில்
சம்சுகனி என்றிருந்தது.

"தம்பி, அவன் செத்துட்டானா இல்லியா?"
"படம் பாக்கலியாண்ணே?"
"விளம்பரத்துலயே தூங்கிட்டேன்.
பதினோரு நாளா நைட் ஷிப்ட்.
ரூம்ல எட்டுப் பேரு, ஏசி வேற போச்சு.
விசில் சத்தத்துல முழிச்சேன்,
ஒரு வெரல் ஆடுச்சு."
"நானும் அந்த வெரலத்தான் பாத்திருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.
நானும்.
காலியான முந்நூறு நாற்காலிக்கு நடுவில்
கதை தெரியாத ரெண்டு பேர்.

தெரிந்ததைச் சொன்னேன்.
ஒரு அம்மா இருக்கிறாள், பெயர் வருகிறது.
இரண்டு காவலாளி.
ஒருத்தி அழுகிறாள்.
ஒருத்தர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்.

"பஸ்ஸு வந்துச்சா?" என்றார்.

தெரியலண்ணே, பேர் மட்டும்தான் வருது
என்று சொல்லி முடிப்பதற்குள்
அவருக்குத் தன்னுடைய பஸ் ஞாபகம் வந்துவிட்டது.
கேம்ப் வண்டி பன்னிரண்டே காலுக்கு.
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

எஃப் வரிசையில் துடைப்பத்தைப் போட்டேன்.
ஒரு பொரிகூட இல்லை.