தண்ணீரில் செம்பு

முதலில் உப்பென்றுதான் நினைத்தேன்.
மஞ்சள் டாங்கின் துடுப்போரம் மூன்று பொடி.
தண்ணீருக்குள் உப்பு எப்படி ஒட்டும்
என்று யோசிக்கவில்லை, கடையில் கூட்டம்.
மறுநாள் எண்ண முடியவில்லை.
சொறி பிடித்தவன் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பதுபோல்
பாறையில் போய்ப் போய் விலாவைத் தேய்த்தது.

பகாவில் என் டோபிக் கடை.
துவைக்கும் மெஷின் எட்டு, காயவைப்பது நாலு,
நடுவில் நாலடி நீளத்துக்குக் கடல்.
நிஜக் கடல் போர்ட்டிக்சனில்.
இங்கே செம்பனை ஆலையின் வாடைதான் காற்று.
துணி சுற்றும் முக்கால் மணி நேரம்
கண்ணுக்கும் வேலை வேண்டுமே என்று வாங்கியது.

சிரம்பான் லிம் போனிலேயே சொன்னான்:
"தொட்டியில் மருந்து ஊற்றாதே, இறால் செத்துப்போகும்.
மீனை வெளியே எடு. செம்பு வை, முப்பது நாள்.
தொட்டியை எழுபத்தாறு நாள் பட்டினி போடு."

எல்லா வீட்டிலும் செம்பில் தண்ணீர் வைப்பார்கள்.
நான் தண்ணீரில் செம்பு வைத்தேன்.
பின்கட்டில், சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பக்கத்தில்,
நீலப் பீப்பாய்,
ஒளிந்துகொள்ள மூன்று பிவிசி குழாய்த் துண்டு.
காலையும் மாலையும் சோதனைக் குழாயில் ஐந்து மில்லி,
சொட்டு எண்ணி, குலுக்கி,
அட்டையின் நீலங்களோடு ஒத்துப் பார்ப்பேன்.
குறைந்தால் பூச்சி பிழைக்கும்.
கூடினால் மீன் சாகும்.
நடுவில் ஒரு நீலம் இருக்கிறது, அதில் நிற்க வேண்டும்.
டியூப்லைட்டில் ஒன்று காட்டும், வாசல் வெயிலில் வேறொன்று.
வெயிலையே நம்பினேன்.

ஐந்தாம் நாள் சின்னக் கோமாளி மீன் மிதந்தது,
செவுள் திறந்தபடி.
மருந்து எட்டவில்லையா, மருந்தே அதிகமா?
கணக்கு நோட்டில் அன்றைக்கு
இரண்டு என்று எழுதி, அடித்து,
இரண்டு புள்ளி ஆறு என்றிருக்கிறது.
கையெழுத்து என்னுடையதுதான்.

முன்னால் தொட்டி விளக்கெரிந்தபடி காலி.
"மீனெல்லாம் வித்துட்டியா குமுதா?" தையல்கார வேதமுத்து.
"ஈக்கான் மானா?" கண்ணாடியில் மூக்கை அழுத்தும்
சீருடைப் பொடியன்.
காலியில்லை என்று எப்படிச் சொல்ல.
மீனிலிருந்து பழுத்து உதிர்ந்த புள்ளி
மணலில் ஓடு கட்டித் தூங்குகிறது.
ஒன்று வெடித்தால் இருநூறு குஞ்சு,
ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நாள்தான் தவணை,
அதற்குள் ஒரு மீன் உடம்பு கிடைக்க வேண்டும்.
கிடைக்காது.
அவை தேடித் தேடி ஓய்வதற்காக
வற்றிய தண்ணீரை நிரப்புகிறேன், சூடு பார்க்கிறேன்.
கண்ணில் படாத ஒரு கூட்டம் பசியில் சாக
மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறேன்.

நாற்பத்தோராம் நாள் இரவு
தோட்டத்தில் குலை வெட்டும் ரஃபிகுல்
போர்வையை மெஷினில் போட்டுவிட்டு வந்து நின்றான்.
தொட்டி விளிம்பில் காய்ந்து வெளுத்த பொருக்கை
விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.
கேட்காமல் தொட்டதில் எனக்குக் கோபம்.
"லாவுட்" என்றான்.
கடல்தான், ஆமாம்.
அவன் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று
எதிரே பெட்ரோல் நிலையத்தைக் காட்டினான்.
மெஷின் மூன்று தடவை கத்தியும் போர்வையை எடுக்கவில்லை.
மீன் எப்போது வரும் என்று கேட்டான்.
இன்னும் முப்பத்தைந்து நாள்.
தலையாட்டிவிட்டு, தன் பெர்மிட்டுக்கும்
ஏதோ நாள் கணக்குச் சொன்னான்.
எனக்கு முழுதாய் விளங்கவில்லை.

இன்று அறுபது.
செம்பை வடித்தெடுத்த தண்ணீரில்
மஞ்சள் டாங் எலுமிச்சைத் தோல்போல் சுத்தம்.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
வாலடியில் வெள்ளையாய் இருப்பது அதன் கத்தி,
பிறவியிலேயே உள்ளது.
அதற்குச் சற்று மேலே இன்னொன்று.
காற்றுக் குமிழ்.
குமிழ்தான்.
நாளைக்கும் அங்கேயே இருந்தால்
லிம்மைக் கூப்பிட வேண்டும்.